விசாரணைக்குப் போகும் பிள்ளைக்கு

வவுனியா

அன்பான பிள்ளைக்கு,

ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில் இருந்து மேன்முறையீட்டு விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது என்று உன் அம்மா நேற்றிரவு போன் எடுத்துச் சொன்னாள். "இவள் போகமாட்டன் எண்டு நிக்கிறாள் அக்கா, பிச்சை கேட்டுப் போற மாதிரி இருக்காம்" என்றும் சொல்லிக் கவலைப்பட்டாள். இதைப் போனில் பேசி முடிக்க முடியாது. கடிதம் என்றால் ஆறுதலாக இரண்டாம் தரமும் வாசிப்பாய், விசாரணை அன்று பைக்குள்ளும் வைத்துக்கொள்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

பிச்சை என்ற எண்ணத்தை முதலில் தூக்கி எறி. வலுவிழந்தவர்களின் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டிலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. வலுவிழந்தவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016 பெப்ரவரியில் அரசாங்கம் ஏற்று உறுதி செய்தது. நீ விண்ணப்பித்த மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகையும், வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசுமவும் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடக்கிறவை. தெரிவாகாதவர் மேன்முறையீடு செய்வதற்கு வழிவைத்ததும் அதே சட்டம்தான். சட்டம் திறந்து வைத்த கதவால் உள்ளே போகிறவள் யாரிடமும் கையேந்தவில்லை.

உன்னை ஏன் தெரிவு செய்யாமல் விட்டார்கள் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி ஏதோ ஒரு வகையில் இயலாமை உள்ளவர்கள் நாடு முழுவதும் 16 இலட்சத்துக்கு மேல். 2023 யூலையில் அஸ்வெசும தொடங்கியபோது மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கு ஒதுக்கிய இடங்கள் 72 ஆயிரம். அப்போது மாதம் 5,000 ரூபா கொடுத்தார்கள், பிறகு 7,500 ஆக்கி 2025இல் 10,000 ஆக்கினார்கள். 16 இலட்சத்தையும் 72 ஆயிரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார். உன் செயற்கைக் காலைப் பார்த்து "இந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை" என்று ஒருவரும் தீர்மானிக்கவில்லை. வரிசை நீளமாக இருந்தது, உன் கோவையில் உன்னை முன்னுக்கு நிறுத்தக்கூடிய எழுத்து இருக்கவில்லை. இனிமேல் நாங்கள் செய்யவேண்டியது அந்த எழுத்தைக் கோவைக்குள் சேர்ப்பதுதான்.

கந்தோர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வேலை செய்தவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். விசாரணையில் உன்னிடம் கேள்வி கேட்கிற அதிகாரிக்கு உன் மேல் இரக்கம் வரலாம், கண்கூடக் கலங்கலாம். ஆனால் முடிவு எடுக்கிற இடத்துக்கு அந்தக் கண்ணீர் போகாது, அவர் எழுதின நாலு வரிதான் போகும். அவர் அப்படியே எடுத்து எழுதக்கூடிய வசனங்களை நீதான் கொடுக்க வேண்டும். எங்கள் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கொடுப்பதில்லை. வெளி ஆட்களுக்கு முன்னால் குறை சொல்லக்கூடாது என்று வளர்த்துவிட்டோம். எத்தனை பேர் அந்தக் கதிரையில் இருந்து, சிரித்த முகத்தோடு தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே கெடுத்துவிட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

"நடக்க ஏலுமா பிள்ளை?" என்று கேட்பார்கள். "ஓம், நடப்பன்" என்று நீ சொன்னால், "செயற்கைக் காலுடன் நடக்கக்கூடியவர்" என்று கோவையில் ஏறும். அத்தோடு சரி. நீ சொன்னது பொய்யும் இல்லை. ஆனால் உண்மையில் கால்வாசியைத்தான் சொல்லியிருக்கிறாய். மிச்சத்தையும் சொல்: "வீட்டில இருந்து பஸ் தரிப்பிடம் மட்டும் நடப்பன். இடையில நிண்டு நிண்டுதான் போகவேணும். வெயில் காலத்தில வேர்த்து, சொக்ஸ் நனைஞ்சு, கால் வெட்டின இடத்துத் தோல் உரியும். உரிஞ்சால் கால் போட ஏலாது. அது காயுமட்டும் தடியோட வளவுக்குள்ளதான்." இதில் எழுத எவ்வளவு இருக்கிறது பார். எவ்வளவு தூரம், என்ன ஆகிறது, அதற்குப் பிறகு எதுவரை நடக்க முடியாமல் போகிறது என்று எல்லாம் வந்துவிட்டது. "சரியான கஷ்டம்" என்று நூறு தரம் சொன்னாலும் இந்த ஐந்து வசனத்துக்கு ஈடாகாது.

லண்டனில் இருக்கிற உன் மாமா வீட்டாருக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையும் சொல்கிறேன். பிரித்தானியாவில் வலுவிழந்தவர்களுக்குப் பிப் என்று ஒரு கொடுப்பனவு இருக்கிறது. அங்கும் முதலில் மறுத்து, பிறகு நடுவர் மன்றத்துக்குப் போய் வாங்குகிறவர்கள் ஏராளம். விசாரணைக்கு வந்த வழக்குகளில் பாதிக்கு மேல் மேன்முறையீடு செய்தவரே வென்ற ஆண்டுகள் பல. அங்கே 2013இல் போட்ட விதிகளில் நல்ல ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு வேலையை ஒருவர் செய்வார் என்று சொல்வதானால், ஆபத்தில்லாமல் செய்ய வேண்டும், ஒழுங்காகச் செய்ய வேண்டும், தேவைப்படும்போது திரும்பத் திரும்பச் செய்யவும் முடிய வேண்டும், மற்றவர்கள் எடுக்கிற நேரத்தைவிட மிக அதிகமாக எடுக்கவும் கூடாது. இந்த நாலில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அவரால் அதைச் செய்ய இயலாது என்றே கொள்வார்கள். இலங்கைச் சட்டத்தில் இது இல்லை, நீ விசாரணையில் இதை எடுத்துச் சொல்லவும் வேண்டாம். உன் நாளை நீயே அளந்து பார்ப்பதற்கு வைத்துக்கொள்.

கிணற்றில் தண்ணி அள்ளுவாயா? அள்ளுவாய். ஆனால் ஈரமான கிணற்றுக்கட்டில் ஒற்றைக் காலில் பாரம் வைத்து வாளியை இழுக்கும்போது எத்தனை தரம் வழுக்கியிருக்கிறாய்? அது ஆபத்து. குந்தியிருக்கிற மலசலகூடத்துக்கு ராவில் கால் கழற்றின பிறகு எப்படிப் போகிறாய், அம்மா எழும்பிப் பிடிக்கிறாளா, சுவரைப் பிடித்துத் தாண்டித் தாண்டிப் போகிறாயா? இதை ஆம்பிளை அதிகாரிக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால், பெண் உத்தியோகத்தர் ஒருவரோடு பேச விரும்புகிறேன் என்று கேள். கேட்கலாம், தப்பில்லை. மாதவிலக்கு நாட்களில் படும் பாட்டையும் அவரிடம் சொல். மாரி காலத்தையும் மறக்காதே. ஒட்டுசுட்டான் ஓடு செய்யக் களி எடுத்த ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் களி பொய்க்காலை எப்படிப் பிடித்து இழுக்கும் என்று கொழும்பில் படிவம் செய்தவருக்குத் தெரியாது, நீ சொன்னால்தான் தெரியும்.

இன்றைக்கே ஒரு கொப்பி எடு. விசாரணை மட்டும் ஒவ்வொரு நாளும் படுக்கிறதுக்கு முதல் மூன்று நாலு வரி எழுது. பொய்க்காலை எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை மணிக்குக் கழற்றினாய், எங்கே போனாய், என்ன செய்ய நினைத்து விட்டுவிட்டாய், நோவுக்கு என்ன குளிசை போட்டாய், யார் உதவினார்கள். நல்ல நாளையும் எழுது. கூட்டி எழுதாதே. அந்த மேசையில் இருக்கிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார், முத்தையன்கட்டுப் பக்கம் நீ சைக்கிளில் போனதைக் கண்டும் இருப்பார். நடக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் சந்தையில் நின்றால், உண்மையாய்ச் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும். கொப்பியில் பத்துப் பதினைந்து நாள் சேர்ந்தால், "இந்த இரண்டு கிழமையில் இத்தனை நாள் கால் போடவில்லை" என்று எண்ணிச் சொல்லலாம். எண்ணிச் சொன்னதை அதிகாரி தட்டிவிட மாட்டார்.

இனிக் கடதாசிகள். இதில்தான் நீ மலைத்துப் போய் நிற்கிறாய் என்று தெரியும். யுத்தத்தில் உனக்குக் காயம்பட்ட 2009இன் வைத்தியத் துண்டு ஒன்றும் உன்னிடம் இல்லை. மாத்தளனில் காயப்பட்டவர்களைச் செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றினார்கள். முதலில் போன கப்பல்கள் திருகோணமலைக்குப் போயின. மார்ச் நடுப்பகுதியில் இருந்து போனவை புல்மோட்டைக்குப் போயின. அங்கே இந்திய வைத்தியக் குழு ஒன்று இருந்தது. அங்கிருந்து வேறு வேறு ஆஸ்பத்திரிகளுக்கு மாற்றி, கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வழியில் துணிமூட்டையே தங்கவில்லை, துண்டு எங்கே தங்கப் போகிறது? உன் அம்மாவிடம் கேட்டு, எந்த மாதம் கப்பல் ஏறினீர்கள், எந்த ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள் என்று உறுதிப்படுத்து. அந்த ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு உன் முழுப்பெயர், பிறந்த திகதி, அனுமதித்த மாதம் எல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் கடிதம் போடு. பீ.எச்.டீ. என்கிற படுக்கைத் தலைச்சீட்டின் இலக்கம் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் போடு. பதில் வராமலும் போகலாம். அப்படியென்றால் அம்மாவைக் கொண்டு சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்துக்கொள்ளலாம். போட்ட கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் கோவையில் வை. நீ தேடினாய் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் இந்தத் தேடலிலேயே நாட்களைக் கரைத்துவிடாதே, பிள்ளை. கால் எப்படிப் போனது என்பதைவிட, கால் இல்லாமல் இன்று எப்படி இருக்கிறாய் என்பதுதான் விசாரணையில் எடுபடும். எங்கள் ஆட்கள் வன்னி அனுபவத்தைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள், அதைக் குறையென்று சொல்லவில்லை, அவ்வளவும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. ஆனால் உனக்குக் கிடைக்கப்போவது கொஞ்ச நேரம். 2009ஐ இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டு நிகழ்காலத்துக்கு வா. யுத்தப் பாதிப்புக்கான இழப்பீடு வேறு விஷயம். அதற்கு 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டாக்கிய இழப்பீட்டுக்கான அலுவலகம் தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் போட்டுக் குழப்பாதே.

நிகழ்காலத்தைச் சொல்லக்கூடிய கடதாசிகள் உனக்கு எடுக்கக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. கிளினிக் கொப்பி இருக்கிறது. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் எந்தத் திகதியில் கால் போட்டார்கள், எப்போது மாற்றினார்கள் என்று கேட்டு ஒரு கடிதம் வாங்கலாம். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் புனர்வாழ்வுச் சிகிச்சை இருக்கிறது, மாஞ்சோலையில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. ஏதாவது ஒன்றில் வைத்தியரைக் கண்டு, புதிதாக ஒரு அறிக்கை கேள். டொக்டர்மார் அவசரத்தில் "இடது முழங்காலுக்குக் கீழ் அகற்றப்பட்டுள்ளது" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அது உடம்பைச் சொல்கிறதே தவிர, நீ படுகிற பாட்டைச் சொல்லவில்லை. உன் கொப்பியைக் காட்டு. எவ்வளவு நேரம் தொடர்ந்து நிற்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், தோல் புண் எத்தனை தரம் வருகிறது, இடுப்பில் இன்னும் கிடக்கிற ஷெல் பீஸால் என்ன நோ, இது இனிமேல் மாறுமா மாறாதா, இவற்றையும் சேர்த்து எழுதித் தாருங்கோ டொக்டர் என்று பணிவாகக் கேள். கேட்டால் எழுதுவார்கள். கேட்கத் தெரியாமல்தான் எங்கள் சனம் வெறும் துண்டோடு திரும்பி வருகிறது.

வந்த கடிதத்தை இன்னொரு தரம் வாசித்து, விசாரணை எதற்கு என்று பார். உன் பெயருக்கான மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கா, உங்கள் குடும்பத்தின் அஸ்வெசுமவுக்கா? உன் அம்மா இரண்டையும் ஒன்றாக நினைக்கிறாள். அஸ்வெசும குடும்பத்துக்கு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பிரிவில் 22 அளவைகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். அதில் வன்னிச் சனத்துக்கு இடறுகிற இடம் வீடு. இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012இல் இருந்து ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கொடுத்தார்கள். அந்தக் காசு போதாமல் நகையை அடைவு வைத்தும் கடன்பட்டும் முடித்தவர்கள் எத்தனையோ பேர். தறப்பாளுக்குள் இருந்தவர்களுக்கு உதவியாக வந்த கல்வீடு, பத்து வருடம் கழித்துக் கணக்கெடுக்க வந்தவரின் கண்ணில் வசதியாகத் தெரிகிறது. குடும்ப மேன்முறையீடு என்றால், வீடு எந்தத் திட்டத்தில் வந்தது என்ற கடிதத்தைக் கிராம சேவகரிடம் வாங்கு. பூசாத சுவர், கதவில்லாத அறை, வெளியே இருக்கிற மலசலகூடம் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோ. இந்த அளவைகள் வன்னியின் கதை தெரியாமல் செய்யப்பட்டவை என்பது என் கருத்து. அதைத் திருத்தச் சொல்லிப் போராட வேண்டும்தான். ஆனால் உன் விசாரணை நாளில் அந்தப் போராட்டத்தைச் செய்யாதே. அந்த நாள் உனக்குரியது.

உன் தையல் வேலையைப் பற்றியும் கேட்பார்கள். மெசின் இருக்கிறது என்பதை மறைக்காதே. தை மாதம் பள்ளிக்கூட உடுப்புக்கும் தீபாவளிக்கும் ஓடர் வரும், மற்ற மாதங்களில் கிழித்தது தைக்கவும் ஆள் வராது. அதைச் சொல். நல்ல மாதத்தின் காசை மட்டும் சொன்னால் அதையே பன்னிரண்டால் பெருக்குவார்கள். ஒரு வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு, நூலுக்கும் துணிக்கும் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. எந்தக் காலால் மெசினை மிதிக்கிறாய், எவ்வளவு நேரத்தில் இடுப்பு விறைக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடு. வேலை செய்கிற பிள்ளை என்ற பெயர் உனக்குத் தடையாக வரக்கூடாது. வருத்தத்தோடு எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்பதுதான் அங்கே கதை.

உடுப்பைப் பற்றி அம்மா கேட்டாளாம். வழமையாகப் போடுகிறதைப் போடு. காலை மறைக்க நீளச் சட்டை தேடவும் வேண்டாம், காட்டுவதற்காகக் கழற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். அன்று புண் இருந்து கால் போட முடியாவிட்டால் தடியோடு போ. மாடிப்படி ஏற வேண்டிய அறை என்றால், கீழே வந்து விசாரிக்கச் சொல்லிக் கேள். 2006இலேயே பொதுக் கட்டடங்களுக்கு அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்துவிட்டன.

கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போ. அம்மா வேண்டாம், அவள் அழுவாள், அல்லது உனக்குப் பதிலாகத் தானே பேசிவிடுவாள். பக்கத்து வீட்டு ஆசிரியை வந்தால் நல்லது. ராவில் நீ விழுந்த அன்று ஓடி வந்தவர் அவர்தானே. கண்டதைச் சொல்வார். உயிரிழை அமைப்பில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள், இப்படிக் கந்தோர்களுக்கு ஏறி இறங்கினவர்கள். போவதற்கு முதல் அவர்களோடும் ஒருக்கால் கதை. அரசியல்வாதி யாரையும் பிடித்துக் கடிதம் வாங்கவோ, "நான் முடித்துத் தாறன்" என்று காசு கேட்கிறவனுக்குக் கொடுக்கவோ வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அவர்கள் எழுதியதில் கையெழுத்து வைக்க முதல் முழுக்க வாசி. வடக்கு, கிழக்கில் தமிழில் கருமம் ஆற்றும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வேறு மொழியில் இருந்தால் தமிழில் தரச் சொல். நீ சொன்னது விடுபட்டிருந்தால், "இதையும் சேர்த்து எழுதுங்கோ" என்று சொல். கோபமாகச் சொல்லத் தேவையில்லை. அந்த உத்தியோகத்தரும் பாவம்தான். 2023இல் மட்டும் நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன, அவற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தவர்கள் இப்படிப்பட்ட சின்னக் கந்தோர்களில் இருந்தவர்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் உன் பிரதியில் திகதி முத்திரை வாங்கு. மூலப்பிரதி எதையும் கொடுத்துவிட்டு வராதே. காட்டிவிட்டுத் திரும்ப வாங்கு.

மறுபடியும் இல்லை என்றும் வரலாம். அப்படி வந்தால் அழுதுகொண்டு படுத்துவிடாதே, காரணத்தை எழுத்தில் கேள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடு. உன் கோவையின் பிரதியையும் புள்ளி போட்ட விதத்தையும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் போகலாம், அதற்கும் மேல் கொழும்பில் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இங்கே வவுனியாவிலேயே இருக்கிறது, அங்கே போவதென்றால் என் வீட்டில் வந்து நில். இன்று நீ சேர்க்கிற ஒவ்வொரு துண்டும் அங்கேயெல்லாம் உன்னோடு வரும்.

விசாரணைக்கு முதல் நாள் நான் பஸ் ஏறி வருகிறேன். ராவில் இருந்து கோவையை அடுக்குவோம். நான் கேள்வி கேட்கிறேன், நீ பதில் சொல்லிப் பழகு. அதற்கு முதல், வருகிற ஞாயிற்றுக்கிழமை, கொப்பியில் எழுதியதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடு. எதை இன்னும் விவரமாக எழுத வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் வாங்கப் போகும்போது பஸ் காசு காணாவிட்டால் அம்மாவிடம் கேட்காமல் எனக்குச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா